வீட்டு விலையும் தரகரின் நாவும்
(ஜும்ஆ உரை)



சென்ற வாரம் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஓர் இளைஞர் என் கரம் பற்றி நிறுத்தினார். "ஹஜ்ரத்! நாற்பது லட்சம் கேட்கிற வீட்டை முப்பது லட்சத்திற்குக் கேட்டுப் பார்க்கும்படி தரகரிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரருக்கு மருத்துவச் செலவு நெருக்குகிறதாம், இறங்கி வருவார் என்று தரகர் கூறுகிறார். இப்படிக் குறைத்துக் கேட்பது கூடுமா, பாவமா?" என்று வினவினார். நின்ற நிலையில் விடை சொல்லிவிடக்கூடிய வினாவன்று அது. நம்மில் பலர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வீடு வாங்குகிறோம். வளைகுடாவில் இருபது ஆண்டுகள் வியர்வை சிந்திச் சேர்த்த பணம் ஒரே நாளில் கைமாறுகிறது. எனவே இன்று இதைப் பற்றியே பேசுவோம்.

விலையைக் குறைத்துக் கேட்பது கூடும். இதில் ஐயம் வேண்டாம். அண்ணல் நபி (ஸல்) அவர்களே பேரம் பேசியிருக்கிறார்கள். ஜாபிர் (ரலி) அவர்களின் தந்தை உஹதில் ஷஹீதானவர். பெண்மக்கள் பலரையும் கடனையும் விட்டுச் சென்றவர். அந்தச் சுமை தாங்கிய இளைஞரான ஜாபிர் (ரலி) ஒரு பயணத்தில் நடக்க மாட்டாத ஒட்டகத்துடன் பின்தங்கி வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதனைத் தட்டிவிட, அது மற்ற ஒட்டகங்களை முந்தி விரைந்தது. அதன் பின்னரே, அதை எனக்கு விற்றுவிடும் என்று கேட்டார்கள். இமாம் அஹ்மத் (ரஹ்) பதிவு செய்துள்ள அறிவிப்பில் முதலில் கேட்ட விலை ஒரே ஒரு திர்ஹம்! அது எனக்கு நஷ்டமாயிற்றே என்றார்கள் ஜாபிர் (ரலி). இரண்டு திர்ஹமாயிற்று, மேலும் உயர்ந்து ஓர் ஊக்கியாவில், அதாவது 40 திர்ஹத்தில், பேரம் முடிந்தது. மதீனா சேர்ந்ததும் பிலால் (ரலி) அவர்கள் வெள்ளியை நிறுத்து, சற்றுக் கூடுதலாகவே கொடுத்தார்கள். பணமும் உமக்கே, ஒட்டகமும் உமக்கே என்று நபி (ஸல்) அவர்கள் இரண்டையும் திருப்பித் தந்துவிட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒட்டகம் சோர்ந்து நின்ற வேளையில் அவர்கள் விலை பேசவில்லை. அது நன்றாக ஓடத் தொடங்கிய பிறகே பேசினார்கள். ஒட்டகத்தைப் பழித்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஜாபிர் (ரலி) அவர்களின் கடனைச் சுட்டிக்காட்டி விலையை இறக்கவுமில்லை.

நமது பேரம் எவ்வாறு நடக்கிறது? நாமும் உரிமையாளரும் நேருக்கு நேர் பேசுவதே அரிது. தரகரின் நாவில்தான் பேரம் நடக்கிறது. என் வரலாற்றையே கூறிவிடுகிறேன். நான் இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு வாரிசுகள் ஐவர். ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லை. தரகர் வந்து, "கடைசித் தங்கை பங்குக்காக அவசரப்படுகிறார், அடித்துக் கேளுங்கள்" என்று காதோடு சொன்னார். நானும் உத்தரத்தில் கறையான் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன். ஓரிடத்தில் இருந்ததென்னவோ உண்மை. வீடு முழுதும் அரித்துவிட்டதாக அவர் போய்ச் சொன்னார். நான் தடுக்கவில்லை. விலை இறங்கியது. அந்த உத்தரம் இன்றும் உறுதியாகத்தான் நிற்கிறது. அண்ணாந்து பார்க்கும் போதெல்லாம் அந்தச் சகோதரியின் நினைவு வருகிறது. பின்னர் அவரைத் தேடிச் சென்று ஒரு தொகையைக் கொடுத்து ஹலால் ஆக்கிக்கொண்டேன். ஆயினும் அவரது அவசரத்திற்கு அந்தப் பணம் உதவாமற் போயிற்றே!

மத்யன் நகரத்தாரிடம் நபி ஷுஐப் (அலை) அவர்கள் அளவை நிறுவையைப் பற்றி மட்டும் எச்சரிக்கவில்லை. மக்களின் பொருள்களை மதிப்புக் குறைத்துவிடாதீர்கள் என்றும் எச்சரித்ததாகத் திருமறை கூறுகிறது. நல்ல வீட்டைக் கெட்ட வீடு என்று சொல்வதும் அதில் அடங்காதா?

குறைத்துக் கேட்பதற்கு நேர்மையான காரணங்கள் இல்லாமலில்லை. வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா ஆகியவற்றை முதலில் பாருங்கள். பட்டா இன்னும் இறந்தவர் பெயரிலேயே இருந்தால் அதை மாற்றும் அலைச்சல் உங்களுடையது. அதைச் சொல்லிக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். நாற்பது லட்சத்திற்கு 3,60,000 ரூபாய். கிரயத் தொகை அரசின் வழிகாட்டி மதிப்பைவிடக் குறைந்திருந்தாலும் தீர்வை அம்மதிப்பின்படியே கணக்கிடப்படும். ஆகவே, "என்னிடம் உள்ளது இவ்வளவே, பத்திரச் செலவு போக இதுதான் என்னால் இயலும்" என்று தரகரிடம் சொல்லி, அந்தச் சொல்லை அப்படியே அங்கே சேர்க்கும்படி கூறுங்கள். ஒரு சொல் கூட்டினாலும் அது உங்கள் கணக்கில் எழுதப்படும். ஏனெனில் அவர் உங்கள் நாவாகப் போகிறார்.

விற்பவரின் நெருக்கடியை உங்களிடம் அவிழ்த்துவிடும் தரகர், உங்கள் கையிருப்பை அவரிடம் அவிழ்க்க மாட்டார் என்பதற்கு என்ன உறுதி? வராத ஆளை வந்ததாகச் சொல்லி விலையேற்றுவதும் நபி (ஸல்) அவர்கள் தடுத்த 'நஜ்ஷ்' வகையைச் சார்ந்ததே.

இதற்காகத் தரகுத் தொழிலையே இழிவாக எண்ணிவிடாதீர்கள். இமாம் புகாரி (ரஹ்) தரகர் கூலிக்கென்றே ஒரு பாடம் அமைத்து, இப்னு ஸீரீன், அதா போன்றோர் அதில் குற்றம் காணவில்லை எனப் பதிவு செய்துள்ளார்கள். கூலியை வாங்குபவர் தருவதா, விற்பவர் தருவதா என்பதில் ஊர் வழக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது ஹனஃபி சட்ட மேதை இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. நம்மவரில் சிலர் தரகர் வெயிலில் அலைந்து ஐந்தாறு வீடுகளைக் காட்டும்வரை அவரோடு இருந்துவிட்டு, "வேண்டாம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து உரிமையாளரோடு நேரில் முடித்துக்கொள்கிறார்கள். வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறியிருப்பது இவர்களுக்கு நினைவில்லையா?

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் குதிரை வாங்கத் தம் ஊழியரை அனுப்பினார்கள். அவர் பேரம் பேசி முந்நூறு திர்ஹத்திற்கு முடித்து, பணம் பெற உரிமையாளரையும் அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), உமது குதிரை இதைவிட மதிப்புள்ளது, நானூறுக்குத் தருகிறீரா என்றார்கள். பின்னர் ஐந்நூறு என்றார்கள். இப்படியே தாமாகவே உயர்த்தி எண்ணூறு திர்ஹம் கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபி (ஸல்) அவர்களிடம் நான் பைஅத் செய்திருக்கிறேன் என்பதே அன்னார் சொன்ன காரணம்.

அந்த இளைஞர் இன்றும் இரண்டாம் ஸஃபில் அமர்ந்திருக்கிறார். தம்பி, முப்பது லட்சம் கேட்டது பிழையன்று. மருத்துவச் செலவை மறந்துவிட்டு அந்த வீட்டை மீண்டும் ஒருமுறை பார்த்து வாருங்கள். அப்போதும் முப்பதுதான் பெறும் என்று தோன்றினால் அதையே கேளுங்கள்.

பாங்குக்கு நேரமாகிவிட்டது. சுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள்.