பையைத் திறக்கும் முன்
(சங்கத்தின் ஆண்டு விழாவில், பெற்றோர் அரங்கில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் மொழியின் பெருமையைப் பேசுவது நம் வழக்கம். இன்று நம் பிள்ளைகளின் புத்தகப் பையைப் பற்றிப் பேச விரும்புகிறோம். சிறு பொருள் என்று எண்ணிவிட வேண்டா.

சென்ற ஆண்டு, நம் காலனிப் பிள்ளைகள் பயிலும் பள்ளி ஒன்றில், சுற்றுலாவுக்காகச் சேர்த்த பணத்தில் ஐந்நூறு ரூபாய் காணாமற் போயிற்று. உடனே வகுப்பிலிருந்த அத்தனை பிள்ளைகளின் பைகளும் மேசைமேல் கவிழ்க்கப்பட்டன. நம் வீட்டுப் பெண் ஒருத்தியின் பையிலிருந்து வலிப்பு நோய்க்கான மாத்திரைகள் விழுந்தன. அதுவரை வகுப்பாசிரியை ஒருவர் மட்டுமே அறிந்திருந்த செய்தியை அன்று வகுப்பு முழுவதும் அறிந்தது. பணமோ மறுநாள் அலுவலக இழுப்பறையிலேயே கிடைத்தது. அப்பெண் ஒரு வாரம் பள்ளிக்குச் செல்ல மறுத்தாள்.

நாம் என்ன செய்தோம்? "வேற்றூரில் பிழைக்க வந்திருக்கிறோம்; பள்ளியோடு மனத்தாங்கல் எதற்கு?" என்று வாளாவிருந்தோம். அந்த மௌனத்திற்காக வருந்தியே இன்று பேச முன்வந்தோம்.

ஆசிரியர்களின் நிலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 2012 பிப்ரவரியில் சென்னையில், வகுப்பறையிலேயே ஓர் ஆசிரியை தம் மாணவனால் குத்திக் கொல்லப்பட்டார். 2025 ஆகஸ்டில் அகமதாபாதில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளி மாணவனின் கத்திக்கு இரையானான். இவற்றைக் கேட்டபின், "பையைத் தொடவே கூடாது" என்று எந்தப் பெற்றோரும் சொல்லார். கத்தியோ போதைப் பொருளோ இருப்பதாகத் தக்க செய்தி கிடைத்தும் சோதிக்காத பள்ளி, தன் கடமையில் தவறிய பள்ளியே ஆகும்.

ஆயினும், காவல் என்னும் பெயரால் எதுவும் செய்யலாம் என்பது முறையன்று. 2017 ஆகஸ்ட் 24 அன்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு என்று கூறும் ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்டது. பிள்ளைகளுக்கு உடல் தண்டனையும் மனத் துன்பமும் தருவதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. இவை பொது நெறிகள். பையைத் திறக்கப் போகும் ஆசிரியருக்கு உடனே உதவும் அளவுகோல் எது?

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகள் இங்கே துணை செய்கின்றன. அவை நம்மைக் கட்டுப்படுத்துவன அல்ல. எனினும் அவற்றின் நியாயம் எந்நாட்டுக்கும் பொருந்தும். பள்ளிக் கழிவறையில் புகைபிடித்ததாகப் பிடிபட்ட பதினான்கு வயது மாணவியின் கைப்பையைத் துணைத் தலைமையாசிரியர் சோதித்த வழக்கில் 1985இல் தீர்ப்பு வந்தது. நீதிமன்ற ஆணை பெறாமலே பள்ளி சோதிக்கலாம். ஆனால் தக்க ஐயம் இருத்தல் வேண்டும். சோதனையின் அளவு, பிள்ளையின் வயதுக்கும் குற்றத்தின் தன்மைக்கும் ஏற்றதாக இருத்தல் வேண்டும் என்றனர் நீதிபதிகள்.

இரண்டாவது தீர்ப்பு 2009இல் வந்தது. அரிசோனா மாநிலத்தில் பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் வலி மாத்திரைகள் இருப்பதாக ஐயுற்று, பையைப் பார்த்ததோடு நில்லாமல் உள்ளாடைவரை சோதித்தனர். பையைப் பார்த்தது சரி, உள்ளாடைச் சோதனை சட்டத்திற்குப் புறம்பு என்று நீதிமன்றம் கூறிற்று. ஐயம் நியாயமானதாக இருக்கலாம். ஆனால் அந்த ஐயமே சோதனையை எல்லை கடக்க விட்டுவிடாது.

இவ்வெல்லை நம் நாட்டிலும் மீறப்பட்டிருக்கிறது. 2017இலும் 2022இலும் கேரளத்தில் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுத வந்த பெண்கள் சிலரை, உலோகக் கொக்கியைக் காரணம் காட்டி உள்ளாடையைக் களையச் செய்தனர். கைது செய்யப்பட்ட பெண்ணைக்கூட வேறொரு பெண்ணே, கண்ணியம் குன்றாமல் சோதிக்க வேண்டும் என்பது நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் விதி; 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது நிலைபெற்றுள்ளது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு உள்ள கண்ணியம், தேர்வெழுத வந்த பெண்ணுக்கு இல்லையா?

ஆகவே, பள்ளிகளிடம் நாம் கேட்க வேண்டியவை ஐந்து. ஒன்று, வாயிலில் எல்லோருக்கும் பொதுவான சோதனை உண்டெனில், அதை முன்னதாகவே எழுத்தில் அறிவிக்க வேண்டும். இரண்டு, ஒரு பிள்ளையை மட்டும் சோதிப்பதாயின் காரணத்தைச் சொல்லி, முதலில் அப்பிள்ளையிடமே கேட்க வேண்டும். மூன்று, வகுப்பின்முன் அன்றித் தனியறையில், பெண்பிள்ளையாயின் ஆசிரியை ஒருவர், சாட்சியாக மற்றொருவருடன் பார்க்க வேண்டும். நான்கு, ஆடையைக் களையச் சொல்லுதல் எந்நிலையிலும் கூடாது. உயிருக்கு ஆபத்தான பொருள் இருப்பதாகத் தோன்றினால் பெற்றோரையும் காவல்துறையையும் அழைக்க வேண்டும். ஐந்து, தேடிய பொருளுக்குத் தொடர்பில்லாத மருந்தோ கடிதமோ வெளிப்பட்டால் அதைப் பிறர் அறியச் செய்யலாகாது.

இவற்றுள் எதுவும் பள்ளியின் கையைக் கட்டுவதன்று. தன்னை அவமதிக்காத ஆசிரியரிடமே ஒரு பிள்ளை, "அவன் பையில் கத்தி இருக்கிறது, ஐயா" என்று துணிந்து வந்து சொல்லும். அந்த நம்பிக்கைக்கு ஈடான காவல் வேறில்லை.

நம் இல்லங்களிலும் இதே நெறி வேண்டும். பிள்ளையின் கைபேசியையும் நாட்குறிப்பையும் ஒளிந்து பார்க்கும் நாம், பள்ளியை மட்டும் குறை கூறுதல் தகாது.

அடுத்த பெற்றோர் கூட்டத்திற்கு நாம் தனித்தனியே செல்ல வேண்டா; சேர்ந்தே செல்வோம். இவ்வூர் மொழியில் சரளமாகப் பேச இயலாதோர் தயங்க வேண்டா. இவ்வைந்தையும் அம்மொழியில் எழுதித் தரச் சங்கம் துணை நிற்கும். சென்ற ஆண்டு அப்பெண்ணின் வீட்டார் தனியே நின்றனர். இனி நம் காலனியில் எந்தக் குடும்பமும் அவ்வாறு தனியே நிற்றல் ஆகாது.