மின்சாரக் கார் வாங்கலாம், சார்ஜ் எங்கே போடுவது?

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மின்சாரக் கார் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சார், பக்கத்துல சார்ஜிங் ஸ்டேஷன் இருக்கா?" என்றுதான். இருக்கிறது. ஆனால் தினசரி ஓட்டத்துக்கு அதை நம்பி வாங்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 30 யூனிட் பேட்டரி உள்ள கார் நடைமுறையில் சுமார் 200 கி.மீ. ஓடும். மாதம் 1,000 கி.மீ. ஓட்டுபவர் ஐந்து முறையாவது முழு சார்ஜ் ஏற்ற வேண்டும். வேகமான டிசி சார்ஜரிலும் ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம் ஆகிவிடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வருபவர் அங்கே போய் உட்கார்ந்திருப்பாரா? போனாலும், சார்ஜ் முடிந்த காரை அப்படியே விட்டுவிட்டு ஒருவர் கடைக்குப் போயிருப்பார். சில நேரம் பெட்ரோல் கார்கூட அந்த இடத்தில் நிற்கும். கம்பெனிக்கு ஒரு ஆப், பலவற்றில் முன்பணம் வேறு. 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து யூனிட் 20 ரூபாயை ஒட்டி வந்துவிடுகிறது.

வெளியூர்ப் பயணத்துக்கு அதே ஸ்டேஷன் அருமையான வசதி. பூந்தமல்லியில் பெங்களூர் ரோடு ஏறினால் வேலூர்ப் பக்கம் ஒரு முறை, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு முறை. டிபன், காபி முடிப்பதற்குள் வேலை ஆகிவிடும். 80 சதவீதத்தில் கிளம்பிவிடுங்கள், அதற்கு மேல் மெதுவாகத்தான் ஏறும். பேட்டரி 30 சதவீதம் இருக்கும்போதே ஸ்டேஷனுக்குப் போய்விடுவது நல்லது. அது வேலை செய்யாவிட்டால் அடுத்ததற்குப் போகலாம்.

தினசரி சார்ஜுக்கு நம் பார்க்கிங்தான் சரி. சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் ராத்திரி ஒன்பது, பத்து மணி நேரத்தில் நிறைந்துவிடும். வீட்டு மின் இணைப்பிலேயே காருக்குச் சார்ஜ் போடலாம் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரி வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது. தயக்கம் நம்மிடம்தான். இதற்கிடையில் இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்குகிறது! அது ஆபத்து.

பொது மீட்டரில் போடுவதை நான் ஏற்கவில்லை. காரே இல்லாதவர் ஏன் அதற்குப் பணம் கட்ட வேண்டும்? அவரவர் வீட்டு மீட்டரிலிருந்து தனி ஒயர், தனி எம்சிபி, சரியான எர்த். இரண்டு மாதக் கணக்கில் 300 யூனிட்டுக்கு மேல் கூடும். மொத்தம் 500-ஐத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும், ஏசி ஓடும் வீடுகள் கவனியுங்கள். அப்படியும் வெளியே போடுவதில் ஏறக்குறைய பாதிச் செலவுதான்.

இரண்டு விஷயம் சங்கம்தான் பார்க்க வேண்டும். பத்து கார் ஒரே நேரத்தில் சார்ஜ் போட்டால் 33 கிலோவாட். நம் மெயின் கேபிள் அதைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்து, மின்வாரிய அலுவலகத்திலும் கேட்க வேண்டும். அடுத்தது மழை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கொரட்டூர், அம்பத்தூர்ப் பக்கம் தண்ணீர் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். பிளக் பாயின்ட் இடுப்புக்கு மேலே, ஒட்டுமொத்தமாக நிறுத்தும் ஸ்விட்ச் செக்யூரிட்டி ரூமில்.

அடுத்த இரண்டு வருஷத்தில் வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் பிளாட் எண்ணையும் பார்க்கிங் எண்ணையும் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் கேபிளுக்கு மதிப்பீடு வாங்க முடியும்.