ஆடிக்கு ஒரு மின்சாரம், மாசிக்கு ஒரு மின்சாரம்

எந்த மின்சாரம் இயற்கைக்குக் குறைவாகக் கெடுதல் செய்கிறது என்று பேசச் சொன்னார்கள். நான் காற்றாடிப் பராமரிப்பில் பிழைத்தவன். பேச்சு அந்தப் பக்கமே சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில்தான் அதற்கு வழி. இடுக்கில் நுழையும்போது வேகம் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் ஆற்றல் எட்டு மடங்காகும், கணக்கைக் கவனியுங்கள்! முப்பந்தலில் காற்றாடிகள் அப்படி நெருக்கியடித்து நிற்பது இதனால்தான்.

அங்கே ஒருநாள் கோபுரத்திலிருந்து இறங்கி வரும்போது பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி கேட்டார்: "ஏ தம்பி, ஆடியில இந்தச் சுத்து சுத்துது, மாசியில மலைச்சு நிக்குது. அப்பம் கரண்டு எங்கருந்து வருது?"

மேட்டூரிலும் வடசென்னையிலும் நிலக்கரி எரிகிறது அண்ணாச்சி, என்றேன். புகை ஒருபுறம் இருக்கட்டும். நம் நாட்டு நிலக்கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அது என்ன செய்யும் என்பதை எண்ணூர்க் கழிமுகத்து மீனவர்களிடம் கேளுங்கள்.

இன்று கேட்டிருந்தால் வெயிலையும் சொல்லியிருப்பேன். மாசி, பங்குனியில் கமுதி வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்குச் சுமார் 2,500 ஏக்கர் தேவைப்பட்டது. காற்றாடிக்கு அடியில் உழவு நடக்கும், தகட்டுக்கு அடியில் சிரமம். அந்தி சாய்ந்தால் அதுவும் தூங்கிவிடும். நீலகிரியில், குந்தாவில், 500 மெகாவாட் நீரேற்றுத் திட்டம் இருக்கிறது. மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, வேண்டியபோது இறக்குவார்கள். அது மதியத்தை மாலைக்குக் கொண்டுபோகும்; ஆடியை மாசிக்குக் கொண்டுபோகாது. அணுமின்சாரத்துக்கு இன்று நேரமில்லை.

என் காற்றாடியும் குற்றமற்றதல்ல. பறவைகளும் வௌவால்களும் அடிபடுகின்றன. இறக்கை கண்ணாடியிழையும் பிசினும் சேர்த்து வார்த்தது. பழைய இரும்புபோல உருக்கி மறுபடி வார்க்க முடியாது. 1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் தொடங்கியது நம் காற்றாலைக் கதை. நல்ல காற்றுள்ள இடங்களை அன்றைய சிறு இயந்திரங்கள் பிடித்துக்கொண்டன. 250 கிலோவாட் நின்ற இடத்தில் இன்று 2,000 கிலோவாட்டுக்கு மேல் தரும் இயந்திரத்தை நிறுத்தலாம். நிறுத்தட்டும், எனக்குச் சந்தோஷமே. பழையதை இறக்கும் முன்பே அந்த இறக்கைகள் எங்கே போகும் என்பதையும் முடிவு செய்துவிடுவார்கள் என்று நம்புகிறேன்.