வானத்தில் குண்டு; வாயில் பூட்டு

(பினாங்குக் குண்டுவீச்சு நினைவு நாளில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று நான் சம்பள உயர்வைப் பற்றிப் பேச வரவில்லை. ஒரு செய்தி மக்களுக்குச் சொல்லப்படாமல் போனால் எத்தனை உயிர் போகும் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இன்று டிசம்பர் 11. 1941ஆம் ஆண்டு இதே நாளில்தான் ஜப்பானிய விமானங்கள் பினாங்கின்மீது குண்டு பொழிந்தன.

அதற்கு மூன்று நாள் முன்பு, டிசம்பர் 8ஆம் தேதி, விடியுமுன்னரே சிங்கப்பூரில் குண்டு விழுந்தது. தெருவிளக்குகள்கூட அணைக்கப்படவில்லை. 61 பேர் மாண்டனர். அதே இரவில் கோத்தா பாருக் கடற்கரையில் எதிரிப் படை இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அரசாங்கம் வெளியிட்ட அறிக்கையோ, தற்காப்பு ஏற்பாடுகளெல்லாம் முடிந்துவிட்டன, நம் ஆயுதங்கள் வலிமையானவை என்று மக்களுக்குத் தைரியம் சொல்லிற்று. சிங்கப்பூர் வெல்ல முடியாத கோட்டை என்று பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகியவர்கள் அதையும் நம்பினார்கள். நம்பாமல் வேறு என்ன செய்வார்கள்? வேறு செய்தி அவர்களுக்கு ஏது?

அந்த நம்பிக்கையின் விலையைப் பினாங்கு கொடுத்தது. ஜார்ஜ் டவுனைக் காக்க விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றுகூடக் கிடையாது. இது ஊராருக்குத் தெரியாது. விமானங்கள் வரிசை வரிசையாக வந்தபோது மக்கள் ஓடி ஒளியவில்லை. வீதிக்கும் கடற்கரைக்கும் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். என் பாட்டனார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். "நம்ம வெள்ளைக்காரன் ஏரோப்ளேன்னு நெனச்சுக் கைய ஆட்டினோம்டா" என்று அவர் என் தகப்பனாரிடம் சொல்வாராம். அதற்குமேல் அந்தக் கதையை அவர் சொன்னதே இல்லையாம்.

குண்டுகள் விழுந்தன. பிறகு விமானங்கள் தாழப் பறந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டன. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். தீயணைக்க ஆளில்லை, பிணங்கள் தெருவிலேயே கிடந்தன. அடுத்தடுத்த நாட்களிலும் விமானங்கள் வந்தன.

தோழர்களே, இனிமேல்தான் கதையின் கசப்பான பகுதி. டிசம்பர் 13ஆம் தேதி இரவு ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் இரகசியமாகக் கப்பலேற்றப்பட்டார்கள். 16, 17 தேதிகளில் அதிகாரிகளும் போய்விட்டார்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் யாருக்கும் அறிவிப்பு இல்லை. காலையில் எழுந்து பார்த்தால் அரசாங்கத்தையே காணோம்!

அப்போது ஊரைத் தாங்கியவர்கள் ஊர்க்காரர்களே. 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து, ஓர் இலங்கைத் தமிழர், எல்லா இனத்தவரும் சேர்ந்த ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்றார். கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக் கொடி ஏற்றினார். ஊரில் படை எதுவும் இல்லை, இனிக் குண்டு போட வேண்டாம் என்று வானொலி வழியே ஜப்பானியருக்குத் தெரிவிக்கச் செய்தார். அரசாங்கம் மறைத்த உண்மையை ஒரு பத்திரிகைக்காரர் எதிரியிடமே சொல்லி, மிச்சமிருந்த உயிர்களைக் காக்க முயன்றார். டிசம்பர் 19ஆம் தேதி ஜப்பானியர் உள்ளே வந்தார்கள்.

மூன்று நாள் கழித்துச் சிங்கப்பூர் வானொலியில் டஃப் கூப்பர் என்ற பிரிட்டிஷ் அமைச்சர் பேசினார். பலரைப் பத்திரமாக அப்புறப்படுத்திவிட்டோம் என்று ஆறுதல் கூறினார். அப்புறப்படுத்தப்பட்டவர்கள் யார்? வெள்ளையர். விட்டுவிடப்பட்டவர்கள் அவர் கணக்கிலேயே இல்லை. இந்த அமைச்சர் 1940 முதல் 1941 வரை இலண்டனில் செய்தித் துறை அமைச்சராக இருந்தவர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதன்பிறகும் பாடம் படித்தார்களா? 1942 ஜனவரியில் செசில் பிரவுன் என்ற அமெரிக்க வானொலி நிருபரின் அனுமதியைச் சிங்கப்பூர் அதிகாரிகள் பறித்தார்கள். அவர் சொல்வது மக்களின் மனவுறுதியைக் கெடுக்கும் என்றார்கள். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது.

போர்க்காலத்தில் எல்லாவற்றையும் வெளியிட முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். படை எங்கே நிற்கிறது, கப்பல் எப்போது புறப்படும் என்பதைச் சொல்லக்கூடாது. சொன்னால் எதிரிக்கு உதவும். ஆனால் உன் தலைக்கு மேலே காவல் இல்லை, நீ பதுங்குகுழி வெட்டிக்கொள் என்பதை ஊராருக்குச் சொல்லாததால் யாருக்கு இலாபம்? முதலாவது எதிரியிடம் மறைப்பது. இரண்டாவது சொந்த மக்களிடம் மறைப்பது. இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டுவதில்தான் சூழ்ச்சி இருக்கிறது.

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததல்ல. 1942 பிப்ரவரி 19இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் குண்டு விழுந்து 230க்கு மேற்பட்டோர் மாண்டனர். அரசாங்கம் சொன்ன கணக்கு 17. இலண்டனில் 1943 மார்ச் 3ஆம் தேதி, பெத்னல் கிரீன் சுரங்க இரயில் நிலையத்துப் பதுங்கிடத்தின் படிக்கட்டில் 173 பேர் நசுங்கி மாண்டனர். அங்கே ஒரு குண்டும் விழவில்லை. அருகில் புதுவகைப் பீரங்கி முழங்கியது. மக்கள் முண்டியடித்து இறங்கினார்கள். மங்கிய விளக்கில் ஒருவர் இடற, மற்றவர் மேலே விழுந்தார்கள். அந்த வாசலைப் பலப்படுத்த வேண்டும் என்று வட்டார மன்றம் 1941இலேயே கேட்டிருந்தது. மேலிடம் மறுத்துவிட்டது. விசாரணை அறிக்கையோ 1945 வரை பூட்டி வைக்கப்பட்டது. அதுவரை ஜனங்களின் பீதியே காரணம் என்று மாண்டவர்மேலேயே பழி கிடந்தது.

தோழர்களே, இது எங்கேயோ கேட்டதுபோல் இல்லையா? பாதுகாப்புக் கேட்டால் செலவு என்பார்கள். விபத்து நடந்தால் தொழிலாளியின் கவனக்குறைவு என்பார்கள்.

ஜப்பானியர் ஆட்சி இன்னும் கொடுமை. வெளிநாட்டு வானொலி கேட்டாலே சிறை, சித்திரவதை. 1943இல் சயாம் இரயில் பாதைக்கு ஆள் எடுத்தபோது, குறுகிய கால வேலை, நல்ல கூலி, உணவு என்று தோட்டம் தோட்டமாகச் சொன்னார்கள். போனவர்கள் கதி என்னவென்று சொல்ல ஒரு பத்திரிகை இல்லை. அதனால் மேலும் பலர் போனார்கள். பல்லாயிரம் தமிழர் அந்தக் காட்டில் மடிந்தார்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பது இரண்டே. கிராணி நண்பர்களே, எந்த நோட்டீசும் முதலில் உங்கள் கைக்குத்தான் வருகிறது. அதைக் கோப்பில் போடுமுன் பிரட்டுக் களத்தில் படித்துக் காட்டுங்கள். பால்மரத் தோழர்களே, தெளிக்கும் மருந்தின் டின்னில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். பக்கத்து லயத்து வங்காளதேசத் தோழனுக்கும் இந்தோனேசியத் தோழனுக்கும் அவன் மொழியில் அது சொல்லப்பட்டதா என்றும் கேளுங்கள்.

வானத்தைப் பார்த்துக் கையை ஆட்டியவர்கள் முட்டாள்கள் அல்லர். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இனி நமக்குள் ஒருவர்கூட அப்படி நிற்கக்கூடாது.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!