படமும் விளையாட்டும் பாலரும்

வெள்ளவத்தையிலே, காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில், தொடர்மாடி ஒன்றின் நான்காம் தளத்தில் என் மகள் குடியிருக்கின்றாள். அவளுக்கு ஆண்மக்கள் இருவர். மூத்தவனுக்கு வயது பதினான்கு, இளையவனுக்கு ஏழு. சென்ற மார்கழி விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த என் தம்பி, இளையவனுக்கென்று ஒரு பரிசு கொணர்ந்தான். அஃது ஒரு திரைப்படத்தைத் தழுவி ஆக்கப்பட்ட வீடியோ விளையாட்டு வட்டு. அந்தப் படத்தைப் பிள்ளை எங்கள் எல்லாரோடும் இருந்து பார்த்தவன். அதன் நாயகன் உருவம் பதித்த சட்டையையே அன்றும் அணிந்திருந்தான். அவனுக்கு உண்டான மகிழ்ச்சியை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

என் மகள் உறையைத் திருப்பிப் பார்த்தாள். மூலையிலே ஒரு சிறு கட்டத்துள் 'ரீ' என்னும் ஆங்கில எழுத்து இருந்தது. அதன் பொருள் அவளுக்குத் தெரியும். பதின்மூன்று வயதுக்கும் அதற்கு மேற்பட்டோருக்கும் உரியது என்பதே அது. வட்டு அலமாரிக்குள் போயிற்று. பிள்ளை அழுதான். தம்பிக்கு முகம் வாடிற்று. "அக்கா, நீங்கள் எல்லாரும் சேர்ந்திருந்து பார்த்த படந்தானே? இதிலை என்ன புதிசா இருக்கப்போகுது?" என்று என்னைக் கேட்டான்.

முப்பது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவளாயினும், அவனுக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. பார்த்த படமே விளையாட்டாக வரும்போது, பிள்ளைக்கு அது தகுமா தகாதா என்று எதைக்கொண்டு அறிவது? அன்று சொல்லமுடியாமற் போன விடையையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்துள்ளேன்.

நம் நாட்டிலே திரையரங்குக்கு வரும் படத்தைத் தணிக்கைச் சபையார் முன்னரே பார்த்துச் சான்றிதழ் வழங்குகின்றனர். அதற்கான சட்டம் 1912 ஆம் ஆண்டிலேயே பிறந்தது. கடையிலே வாங்கும் விளையாட்டு வட்டுக்கோ, கைத்தொலைபேசியில் இறக்கிக்கொள்ளும் விளையாட்டுக்கோ அவ்வகையான சான்று நம்மிடம் இல்லை. உறையில் நாம் காண்பன பிறநாட்டார் இட்ட குறிகளே. அமெரிக்காவில் 1993 ஆம் ஆண்டு இறுதியிலே, 'மோர்ட்டல் கொம்பாட்' முதலான விளையாட்டுகளின் கொடுமை கண்டு செனட் சபையார் விசாரணை நடத்தினர். அரசாங்கம் தலையிடுமுன் நாமே ஒழுங்கு செய்துகொள்வோம் என்று விளையாட்டு ஆக்குவோர் 1994 இல் ஒரு தரக்குறி அமைப்பை நிறுவினர். என் தம்பி கொணர்ந்த வட்டின் எழுத்து அவர்களுடையது. கனடாவிலும் அதுவே வழக்கு. ஐரோப்பியர் 2003 இல் தமக்கென வேறொரு முறையை வகுத்து, 3, 7, 12, 16, 18 என்று எண்களாகவே பொறித்தனர். எழுத்தைக்காட்டிலும் எண் நமக்கு எளிது. எழுத்தைக் கண்டு 'இது என்ன, கம்பனியின் அடையாளமா?' என்று விட்டுவிடுவோர் பலர். என் தம்பியும் அவர்களில் ஒருவன்.

குறி இருக்கட்டும். படத்தையே நம்பினால் என்ன என்ற அவன் கேள்விக்கு மூன்று எடுத்துக்காட்டுகளைச் சொல்லலாம்.

முதலாவது, 1982 இல் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் எடுத்த 'ஈ.ரி.' என்னும் படம். வேற்றுலகத்திலிருந்து வந்து வழிதவறிய ஓர் உயிருக்கும் ஒரு சிறுவனுக்கும் உண்டான நட்பின் கதை. அதனிலும் மென்மையான படத்தைப் பிள்ளைகளுக்குத் தேடுதல் அரிது. அட்டாரி நிறுவனம் அதை விளையாட்டாக்க விரும்பியது. நத்தார்ப் பண்டிகைக்குள் கடைக்கு வந்தாகவேண்டும் என்பதால் ஹோவர்ட் ஸ்கொட் வோர்ஷோ என்பவருக்கு ஏறக்குறைய ஐந்தே கிழமைகள் கொடுக்கப்பட்டன. அவரும் முடித்துக் கொடுத்தார். ஆனால் விளையாடிய பிள்ளைகள் கண்டது என்ன? அந்த உயிர் குழியில் விழும். வருந்தி மேலே ஏறும். மீண்டும் குழியில் விழும். கொலை இல்லை, குருதி இல்லை, தீச்சொல் இல்லை. ஆயினும் குழந்தைகளுக்கு அது ஒரு வேதனையாகவே முடிந்தது. விற்காது தேங்கிய பெட்டிகளை 1983 இல் நியூ மெக்சிகோவிலுள்ள அலமொகோர்டோ ஊரின் குப்பைமேட்டிலே கொண்டுபோய்ப் புதைத்தனர். 2014 இல் அவ்விடத்தைத் தோண்டியபோது அவை வெளிப்பட்டன. தீங்கற்றது என்பதும் பிள்ளைக்கு ஏற்றது என்பதும் ஒன்றல்ல. இக்குறையை எந்த உறையின் எழுத்தும் நமக்கு அறிவிப்பதில்லை.

இரண்டாவது நம்மவர் நன்கறிந்த படம். ஏ. ஆர். முருகதாஸ் இயக்கிய 'கஜினி' 2005 இல் தமிழில் வந்தது; 2008 இல் அவரே அதை இந்தியில் எடுத்தார். நினைவு தங்காத ஒருவன், தன் காதலியைக் கொன்றவனைத் தேடிப் பழிவாங்கும் கதை. ஆயினும் அந்தப் படத்தின் இன்பம் எங்கே இருக்கிறது? அந்தப் பெண்ணின் குறும்பிலும், அவள் சொல்லும் பொய்களிலும், பாட்டுகளிலும் அல்லவா? ஐதராபாத்திலுள்ள ஒரு நிறுவனம் இந்திப் படத்தைக் கணினி விளையாட்டாக ஆக்கியது. விளையாட்டுக்குக் காதலும் குறும்பும் பயன்படமாட்டா. எதிரிகளை அடித்து வீழ்த்திக்கொண்டு செல்லும் பகுதியே அங்கே முழுவதும் ஆயிற்று. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கே உரியது என்று தயாரித்தவர்களே சொல்லிவைத்தனர். பாலைக் காய்ச்சினால் ஆடை திரண்டு மேலே வருவதுபோல, படத்திலே ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் பரந்து கிடந்த அடிதடி, விளையாட்டிலே திரண்டு மேலே வந்துவிடுகின்றது.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. 2005 இல் வந்த 'லெகோ ஸ்டார் வோர்ஸ்' வாள்வீச்சும் போரும் நிறைந்த படங்களைத் தழுவியதே. ஆனால் அங்கே மாந்தர் யாவரும் பிள்ளைகள் அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளால் ஆனவர்கள். வெட்டுண்டால் துண்டு துண்டாய்ச் சிதறுவர்; சேர்த்து வைத்த காசுகளில் சிலவற்றை இழந்து, மறுகணம் எழுந்து நிற்பர். இருவர் அருகருகே இருந்து ஒருவருக்கொருவர் உதவி விளையாடலாம். ஒருவர் நடுவிலே எழுந்து போனாலும் ஆட்டம் குலைவதில்லை. சோறு வடிக்கப் போகும் தாய்க்கு அது எத்துணை வசதி! படத்தைப் பார்த்து அஞ்சிய பிள்ளைகூட இதை நகைத்துக்கொண்டு விளையாடுவான். ஆகவே படத்தை அளவுகோலாக வைத்து விளையாட்டை அளக்க முற்பட்டால், அந்த அளவுகோல் இரு பக்கமும் வளைந்துவிடுகின்றது.

"எங்கள் காலத்துப் பிள்ளைகளும் படம் பார்த்துவிட்டுச் சண்டைபோட்டு விளையாடவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். விளையாடினோம். நான் வளர்ந்தது கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியை அடுத்த ஒழுங்கை ஒன்றிலே. 1965 இல் வெளிவந்த 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தைப் பார்த்துவிட்டு வந்தபின் அந்த ஒழுங்கையே கப்பலாகிவிட்டது. ஈர்க்குக் கட்டுகளும் தென்னம்மட்டைகளும் வாள்கள். எம். ஜி. ஆராக இருப்பது யார் என்பதில் வழக்கில்லை. அது பெரிய அண்ணன்மாரின் உரிமை. நம்பியாராக இருக்க எவரும் இசையாததே நாள்தோறும் எழுந்த சிக்கல். கடைசியில் பெண்பிள்ளை என்று பாராமல் என்னையே பலமுறை நம்பியார் ஆக்கினர். எங்கள் போரிலே ஒரு நியதி இருந்தது. சிறியவன் ஒருவன் அழுதுவிட்டால் யுத்தம் நின்றுவிடும். வாள்களைப் போட்டுவிட்டு எல்லாரும் அவன் முழங்காலைப் பார்ப்போம். புனித லூசியாள் பேராலய மணி ஒலித்தால் கப்பல் கரைசேர்ந்துவிடும். கதையும் எங்களுடையது, சட்டமும் எங்களுடையது. வட்டுக்குள் இருக்கும் போரிலோ சட்டத்தை எங்கோ இருக்கும் ஒருவர் முன்னரே எழுதி வைத்துவிட்டார். எதிரே விழுகின்றவன் அழுவதில்லை. அவன் முழங்காலைப் பார்க்க எவருக்கும் வேலையுமில்லை.

இவ்வளவும் எண்ணியபின், வாதத்தை விட்டு நானே விளையாடிப் பார்ப்பது என்று துணிந்தேன். இளையவன் உறங்கியபின் மூத்த பேரன் எனக்குக் குருவானான். கொன்ட்ரோலர் எனப்படும் கைப்பிடியைப் பிடிக்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று; என் நாயகன் சுவரிலே முட்டிக்கொண்டு நின்றதைக் கண்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டாம் நாள் இரவு அவனை விளையாடவிட்டு நான் அருகிலிருந்து பார்த்தேன். அப்போதுதான் என் தம்பிக்குச் சொல்லவேண்டிய விடை எனக்குக் கிடைத்தது.

அந்தப் படத்திலே நாயகனின் தாய் இறக்கும் கட்டம் ஒன்றுண்டு. திரையரங்கில் அதைப் பார்த்தபோது இளையவன் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அழுதான். மூத்தவனும் கண்ணைத் துடைத்தான். விளையாட்டிலும் அக்கட்டம் வந்தது. தாய் வாய் திறந்தாள். பேரன் ஒரு பொத்தானை அழுத்தினான். தாய் மறைந்தாள்; அடுத்த சண்டை தொடங்கிற்று. "ஏனப்பு, அதைப் பார்க்கவில்லை?" என்றேன். "அது கதை, அம்மம்மா. அதைத் தாண்டலாம்" என்றான். அவனில் குற்றமில்லை, அவன் நல்ல பிள்ளை. பதினான்கு வயதில் அவனுக்குக் கதை வேறு, ஆட்டம் வேறு என்று தெரியும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த வேறுபாடு இன்னும் திரளவில்லை. சாவைக் கண்டு அழக் கற்றுக்கொண்டிருக்கும் பருவத்திலே, சாவைத் தாண்டும் பொத்தானை அவன் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வேறு சிலவற்றையும் அந்த இரண்டு இரவுகளில் கண்டேன். கட்டளைகள் யாவும் ஆங்கிலத்தில் விரைந்து ஓடின. சிறுபிள்ளை வாசித்து முடிக்குமுன் மறைந்தன. நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியவில்லை. குறித்த ஓர் இடத்தை அடைந்தால்தான் அதுவரை ஆடியது பதிவாகும். 'சாப்பிட வா' என்று தாய் அழைக்கும்போது பிள்ளை எழாதிருப்பதற்கு அடம் மட்டுமே காரணம் அன்று என்பதை அன்று உணர்ந்தேன். எழுந்தால் அரைமணி நேர உழைப்பு வீணாகிவிடும். விளையாட்டை வாங்குமுன் கடைக்காரரிடம் இதைக் கேட்பது நன்று. கைத்தொலைபேசி விளையாட்டுகளில் இன்னும் இரண்டு ஆராயவேண்டும். இலவசம் என்று உள்ளே நுழைந்தபின் வாளுக்கும் குதிரைக்கும் பணம் கேட்கின்றதா? முன்பின் அறியாதவர் பிள்ளையோடு பேச வழி இருக்கின்றதா? பேச வழி இருக்குமாயின், மூன்று வயது என்று குறி போட்டிருந்தாலும் என் பேரன் கையில் நான் கொடுக்கமாட்டேன்.

என் மகள் வீட்டிலே அறைகள் இரண்டே. மூத்தவன் விளையாட, இளையவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தால் தடைக்குப் பொருள் ஏது? ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை, இளையவன் அறநெறி வகுப்புக்குப் போகும் நேரத்திலே மூத்தவன் அந்த வட்டைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஏற்பாடாயிற்று. இளையவனுக்கு மாற்றாகக் கட்டை மனிதர் விளையாட்டு ஒன்றைத் தம்பியே பம்பலப்பிட்டியில் தேடி வாங்கி வந்தான். முதல்நாள் அவனே உடனிருந்து விளையாடினான். முதல் வட்டை எங்கே வைப்பது என்று கேட்டேன். பிள்ளை அதை வாங்கி, உறையின் மேல் தன் பெயரையும், தனக்குப் பதின்மூன்று வயது நிறையும் திகதியையும் பேனையால் எழுதினான். இப்போது அது அலமாரியின் மேல்தட்டிலே, என் பழைய மூக்குக்கண்ணாடிகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றது.