வடதுருவம் செல்லும் பெட்டிகள்

அறிவியலைப் பற்றி ஏதேனும் பேசுக என்று விழாக் குழுவினர் எம்மைப் பணித்தனர். கண்டுபிடித்தவர்களைப் பற்றிப் பேசப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சரக்குக் காகிதங்களோடு காலம் கழித்த நாம் வேறொன்றைத்தான் சொல்ல வல்லோம். அக்கண்டுபிடிப்புகள் எந்தப் பெட்டியில் போய் எந்தப் பெட்டியில் வந்தன, அப்பெட்டியைக் கட்டியவர் யார், அதன்மேல் எழுதியவர் யார் என்பதே அது. அதற்கு வடதுருவப் பகுதியை எடுத்துக்கொண்டோம். அங்கே ஒரு திருகாணி குறைந்தாலும் ஓடிப்போய் வாங்கிவரக் கடை கிடையாது. ஆதலின் மற்ற இடங்களில் எவர் கண்ணிலும் படாத மூட்டை கட்டுகிறவரின் வேலை, அங்கே வெளிப்பட்டு நிற்கிறது.

நார்வே நாட்டின் ஆட்சிக்குட்பட்ட சுவால்பார்டு தீவுக்கூட்டத்தில், 79 பாகை வட அட்சரேகையை ஒட்டி, நீ-ஓலெசுண்டு என்னும் சிற்றூர் இருக்கிறது. முன்பு நிலக்கரி தோண்டிய ஊர். 1962ஆம் ஆண்டு நேர்ந்த சுரங்க வெடிப்பில் 21 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. கரி தோண்டியவர்கள் குடியிருந்த அவ்வூரில் இன்று பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள் உள்ளன. நம் நாட்டின் முதல் ஆய்வுக் குழு 2007 ஆகஸ்டில் அங்குச் சென்றது. ‘ஹிமாத்ரி’ என்னும் இந்திய நிலையம் 2008 ஜூலை முதல் நாள் திறக்கப்பட்டது. தீவின் தலைநகரான லாங்கியர்பியனிலிருந்து அவ்வூருக்குச் சாலை கிடையாது. மனிதர்கள் சிறு விமானத்தில் போவார்கள். கனத்த பெட்டிகள் கப்பலேறிப் போகும்.

இதில் நம் சென்னைக்கும் பங்குண்டு. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவிலுள்ள துருவ ஆய்வு மையமும் சேர்ந்து உருவாக்கிய ‘இண்டார்க்’ என்னும் கருவித் தொகுதி, 2014 ஜூலையில் நீ-ஓலெசுண்டை அடுத்த காங்ஸ்ஃபியோர்டு என்னும் நுழைகடலில் 192 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் நிறுவப்பட்டது. அடியில் கனத்த நங்கூரம், மேலே மிதவைகள், இடையே நிமிர்ந்து நிற்கும் கயிற்றில் வெப்பநிலை, உப்புத்தன்மை, நீரோட்டம் ஆகியவற்றை அளக்கும் கருவிகள். இவ்வகைக் கருவிகள் தாம் அளந்ததைத் தம் நினைவகத்திலேயே எழுதி வைக்கும். மறு ஆண்டு கப்பல் வந்து, ஒலிக்குறி அனுப்பி, நங்கூரத்தின் பிடியை விடுவித்து, கருவியை மேலே எடுத்தால்தான் அதன் அளவுகள் கைக்கு வரும். பெட்டி கட்டும் நாளில் ஒரு மின்கலம் பழுதாகப் போயிருந்தாலும், ஒரு ரப்பர் வளையம் சரியாக அமராமல் நீர் கசிந்தாலும், அது தெரிய ஓராண்டு ஆகும். போன ஆண்டின் கடலைத் திரும்ப அளக்க எவராலும் இயலாது.

அனுப்புகிறவரின் முதற் கவலை காகிதம். விஞ்ஞானிகள் பெரும்பாலோர் ‘அறிவியல் கருவி, 1 பெட்டி’ என்று எழுதித் தந்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள். சுங்க அதிகாரிக்கு அது போதாது. என்ன கருவி, யார் செய்தது, வரிசை எண் யாது, விலை என்ன, எதற்காகப் போகிறது, திரும்பி வருமா என்ற கேள்விகள் அத்தனைக்கும் விடை வேண்டும். திரும்பி வரவேண்டிய கருவிக்கு, போகும்போதே வரிசை எண்ணோடு பதிவு செய்துகொள்ளவேண்டும். இன்றேல் நம் சொந்தக் கருவி நம் நாட்டுக்கே புதிய இறக்குமதியாக வந்து நின்று, தீர்வை கட்டு என்னும். சுவால்பார்டில் இன்னொரு சிக்கல். அது நார்வேயின் ஆட்சிக்குள் இருப்பினும் நார்வேயின் சுங்க எல்லைக்கு வெளியே இருக்கிறது. நார்வே வழியாகத்தான் போகவேண்டும். ஆனால் நார்வேக்குள் இறங்கியதாகவும் ஆகக்கூடாது. இந்த நுட்பத்தை அறியாத ஒரு கடிதம், கோடை முழுவதும் ஒரு பெட்டியைக் கிடங்கில் உறங்க வைக்கப் போதும். அங்கே பனி விலகும் காலமோ சில மாதங்களே.

இரண்டாவது கவலை, பெட்டிக்குள் இருப்பவற்றின் குணம். லித்தியம் மின்கலம் தீப்பற்ற வல்லது. ஆதலின் விமானத்தில் அதற்குத் தனி அளவு, தனிக் கட்டு, தனிச் சீட்டு. மாதிரிகளைப் பதப்படுத்தும் சாராயமும் ஃபார்மலினும் அவ்வாறே. உறைந்த மாதிரிகளோடு வைக்கும் உலர்பனி, கழிக்கு 78 பாகைக்கும் கீழான குளிர்ச்சியுடையது. அது உருகி நீராவதில்லை. நேரே கரியமில வாயுவாகிறது. இதை அறியாதவர் ‘குளிர் போய்விடுமே’ என்று பெட்டியைக் காற்றுப் புகாமல் இறுக்கி மூடுவார், பெட்டி வெடிக்கும். வாயு வெளியேற வழி விட்டு, எத்தனை கிலோ உலர்பனி உள்ளது என்று வெளியே எழுதவேண்டும். விமானத்தின் வயிற்றில் எவ்வளவு கரியமில வாயு சேரும் என்று கணக்கிடுகிறவருக்கு அந்த எண் வேண்டும். இதனினும் மிகுந்த குளிர் தேவைப்பட்டால் திரவ நைட்ரஜன். அது தளும்பாதிருக்க, பஞ்சு போன்ற ஒரு பொருளில் ஊறவைத்த சிறப்புக் கலங்கள் உண்டு.

குளிர் நாட்டுக்குப் போகும் பெட்டிக்குக் குளிரைப் பற்றி என்ன கவலை என்று நினைக்கலாம். உள்ளபடியே அங்கே உறையக் கூடாதவை ஏராளம். புட்டியில் முகந்த நீர் உறைந்தால் விரிந்து புட்டியை உடைக்கும். வெளியே நின்ற கருவியைச் சூடான அறைக்குள் அப்படியே கொண்டுவந்து திறந்தால், அறையின் ஈரம் அதன்மேல் வியர்த்து உட்பகுதியைக் கெடுக்கும். மூடிய பெட்டியிலேயே வைத்து, அறையின் சூட்டுக்கு அது வந்தபின் திறக்கவேண்டும். ஒட்டுநாடா ஒட்டாது. பேனாவின் மை உறையும். ஆகவே பனிவெளியில் மாதிரியின் பெயர்ச்சீட்டை எழுதும் கருவி இன்றும் பென்சில்தான். இத்தனை நுட்பமான கருவிகளுக்கிடையே நம் பிள்ளைகள் கையில் இருக்கும் பென்சில் அங்கே அரசாள்வதில் எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

திரும்பி வரும் பெட்டிகளில் மிகவும் அருமையானவை பனித்தண்டுகள். கிரீன்லாந்தின் பனிப்படலத்தைத் துளைத்தெடுக்கும் இத்தண்டுகளுக்குள் பண்டைக் காலத்துக் காற்று குமிழ்களாக அடைபட்டிருக்கிறது. ஒருமுறை உருகினால் அக்காற்று போயிற்று. மீண்டும் உறையவைத்துப் பயனில்லை. ஆகவே குளிர் தடுப்புப் பெட்டிகளில் அடுக்கி, பனிமேல் இறங்கும் சறுக்குக்கட்டை பொருத்திய விமானங்களில் ஏற்றி, பின்னர் உறைகலங்களில் நாடுவிட்டு நாடு கொண்டுசெல்கிறார்கள். பயணம் முடிந்தாலும் அச்சம் முடிவதில்லை. 2017 ஏப்ரலில் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் குளிர்சாதன அறை பழுதாகி, கனடிய வடதுருவத்திலிருந்து அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த தண்டுகளில் ஏறத்தாழ 180 மீட்டர் உருகிப் போயிற்று.

பெயர்ச்சீட்டின் பெருமைக்கு ஒரு சான்று சொல்வோம். கிரீன்லாந்தின் பனிக்குள் அமெரிக்க இராணுவம் அமைத்த ‘கேம்ப் செஞ்சுரி’ என்னும் முகாமில், 1966ஆம் ஆண்டு ஏறத்தாழ 1,390 மீட்டர் பனியைத் துளைத்து அடிநிலத்தைத் தொட்டனர். அதற்கும் கீழே மூன்று மீட்டருக்கு மேல் உறைந்த மண்ணையும் எடுத்தனர். பனியை எல்லோரும் ஆராய்ந்தனர். மண்ணைப் பெரிதாகக் கருதுவார் இல்லை. இராணுவ ஆய்வுக்கூடத்திலிருந்து பஃபலோ நகருக்கும், 1990களில் அங்கிருந்து டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்கும் அது பெட்டியோடு பெட்டியாகப் போயிற்று. 2017இல் குளிர்கிடங்கை இடம் மாற்றும்போதுதான் கண்ணாடிச் சாடிகளில் அம்மண் அகப்பட்டது. எந்த இடத்தில் எந்த ஆழத்தில் எடுத்தது என்னும் குறிப்பு உடனிருந்ததால் அது பொருளாயிற்று; இல்லையேல் குப்பை. ஆராய்ந்தபோது அதற்குள் சுள்ளிகளும் இலைகளும் இருந்தன. ஏறத்தாழ 4,16,000 ஆண்டுகளுக்கு முன் அவ்விடத்தில் பனியே இல்லை என்று 2023இல் வெளியிட்டனர். கிரீன்லாந்தின் பனி உருகாதது என்று எண்ணியிருந்தோருக்கு அது பெரும் எச்சரிக்கை. அப்பனி உருகினால் உயரும் கடல் நம் கடற்கரைக் குப்பங்களையும் தொடும். ஐம்பது ஆண்டுகளாக அச்சாடிகளைத் தூக்கி வைத்தவர்களும், சீட்டைக் கிழியாமல் காத்தவர்களும் எந்த மேடையிலும் ஏற்றப்படவில்லை.

இனிச் சொல்லப்போவது நம்மவர்கள் கூர்ந்து கேட்கவேண்டியது.

1897ஆம் ஆண்டு ராபர்ட் பியரி என்னும் அமெரிக்கர், வடமேற்குக் கிரீன்லாந்திலிருந்து ‘ஹோப்’ என்னும் கப்பலில் ஒரு விண்கல்லை ஏற்றி வந்தார். 31 டன் எடையுள்ள இரும்புக் கல் அது. இரும்பே கிடைக்காத அந்நாட்டில் இனுக்வித் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் கத்திகளுக்கு இரும்பு தட்டியெடுத்த கற்கள் அவை. பின்னர் அவ்விண்கற்களை நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 40,000 டாலர் கொடுத்துப் பெற்றது. பணம் பியரியின் மனைவிக்குப் போயிற்று. அதே கப்பலில் ஆறு இனுக்வித் மனிதர்களும் வந்தனர். அவர்களை அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் தங்கவைத்தனர். சில மாதங்களுக்குள் நால்வர் நோயுற்று மாண்டனர். இறந்தவர்களுள் ஒருவரான கிசுக்கின் மகன் மினிக் சிறுவன். அவன் காண ஒரு பொய்யான அடக்கம் நடத்தி, தந்தையின் எலும்புகளை ஆய்வுப் பொருளாக வைத்துக்கொண்டனர். வளர்ந்தபின் உண்மை தெரிந்து, எலும்புகளைத் தருக என்று மினிக் கேட்டார், தரவில்லை. 1918இல் அவர் மாண்டார். நால்வரின் எலும்புகளும் 1993இல்தான் கிரீன்லாந்துக்குத் திரும்பி, கானாக் என்னும் ஊரில் அடக்கமாயின. கல் இன்றும் நியூயார்க்கில் இருக்கிறது.

மனிதனை மாதிரி என்று எழுதிப் பெட்டியில் இடும் கை எத்தகையது என்பதை நம் சமூகத்தாருக்கு விளக்கவேண்டியதில்லை. அறிவியலைப் பழிக்க இதைக் கூறவில்லை. ஒரு பொருள் எவருடையது, எவர் இசைவோடு எடுக்கப்பட்டது என்று கேட்கும் இன்றைய விதிகளைச் சில ஆய்வாளர்கள் தொல்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். அவ்விதிகளுக்குப் பின்னால் மினிக் நிற்கிறார் என்பதே எம் கருத்து.

பியரியின் குழுவில் மாத்யூ ஹென்சன் என்னும் கறுப்பினத்தவர் இருந்தார். கடையில் வேலை பார்த்தவர். சறுக்குவண்டிகளைச் செய்தவர் அவர். நாய்களைப் பழக்கியவர் அவர். இனுக்வித் மொழியைக் கற்று அம்மக்களோடு மனிதராகப் பழகியவரும் அவரே. 1909 ஏப்ரல் 6 அன்று துருவத்தை அடைந்ததாகப் பியரி அறிவித்தார். அதைப் பற்றிப் பின்னாளில் ஐயங்கள் எழுந்தன, அது நிற்க. அன்று பியரியோடு இருந்தவர்கள் ஹென்சனும், ஊட்டா, எகிங்வா, சீக்லூ, ஊக்கெயா என்னும் நான்கு இனுக்வித் வீரர்களும். விருதுகள் பியரிக்குச் சென்றன. ஹென்சனுக்குக் கிடைத்தது 1913இல் நியூயார்க் சுங்க இல்லத்தில் ஒரு சிறு வேலை. 1936 வரை அங்கே உழைத்தார். ஆய்வுப் பயணிகள் கழகம் 1937இல்தான் அவரை உறுப்பினராக ஏற்றது. 1955இல் மறைந்த அவருடைய உடல், 1988இல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் மரியாதையோடு மறு அடக்கம் செய்யப்பெற்றது.

இளைஞர்களே, இத்துறையில் நுழைய வழி யாது என்று கேட்பீர்கள். ஆபத்தான சரக்குகளை விமானத்தில் அனுப்புவதற்குத் தனிப் பயிற்சியும் தேர்வும் உண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவேண்டும். சுங்கத் தரகர் உரிமத்துக்குப் பட்டதாரிகள் எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் எழுதித் தேறவேண்டும். கடினமானவைதாம், ஆயினும் விதிநூலை வரிவரியாகப் படிக்கும் பொறுமை உள்ளவருக்கு எட்டாதவை அல்ல. தந்தை இத்தொழிலில் இருந்த பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கிடைக்கும் செய்தி, நம் பிள்ளைகளுக்கு வெளியிலிருந்துதான் வரவேண்டியிருக்கிறது. விண்ணப்ப முறையையும் பாடப்பகுதிகளையும் எழுதிக் கொணர்ந்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும், விரும்புவோர் ஒரு பென்சிலோடு வந்து குறித்துக்கொள்ளலாம்.