பிள்ளைகள் மனத்தில் விழும் கோடுகள்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளின் கண்ணெல்லாம் இந்த மேசைமேல் இருக்கிற பரிசுகள் மீதுதான் இருக்கிறது. பேச வருகிறவர் சுருக்கமாக முடித்தால் அதுவே பெரிய பரிசு என்று அவர்கள் நினைப்பது எனக்குத் தெரியாததல்ல. நானும் ஒரு காலத்தில் அந்தப் பலகையில் உட்கார்ந்து கால் ஆட்டியவன்தான். ஆகவே ஒரே ஒரு செய்தியை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன்பு என் வீட்டில் நடந்த சம்பவம் இது. புக்கிட் தெங்காவில் தொழிற்சாலைகள் எத்தனை, அவற்றில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தாமானில் புல் வெட்ட வருகிறவர்களும் அவர்கள்தான். ஒரு மத்தியானம் வாசல் கேட்டை யாரோ தட்டினார்கள். நான் உள்ளே இருந்தபடி, "யாருப்பா வந்திருக்காங்க?" என்று கேட்டேன். ஏழு வயதுப் பேரன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஆளு யாரும் இல்ல தாத்தா. பங்ளாதான்."

எழுந்து போய்ப் பார்த்தேன். வங்காளதேசத்துப் பையன் ஒருவன் கையில் வெறும் போத்தலோடு நிற்கிறான். தண்ணீர் கேட்க வந்திருக்கிறான். பிடித்துக் கொடுத்து அனுப்பினேன். ஆனால் அந்த வார்த்தை என்னை விடவில்லை. "ஆளு யாரும் இல்ல." பேரன் கெட்ட பிள்ளை இல்லை. தெருவில் பூனைக்குட்டி கத்தினால் பால் கொண்டுபோய் வைக்கிறவன். அவனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது யார்? பாலர் பள்ளியிலா? தொலைக்காட்சியிலா? ஒரு வாரம் காது கொடுத்துக் கேட்டேன். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே இருந்தது. "பங்ளா வந்தானா, புல் வெட்டினானா?" "இந்த பங்ளாங்களே இப்படித்தான்." சொன்னவர்களில் நானும் ஒருவன்.

பெரியோர்களே, தண்ணீர் விஷயத்தில் எனக்கு இன்னொரு பழைய கணக்கும் உண்டு.

நான் பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில். எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு தகரக் குவளை தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். மற்றக் குவளைகளோடு அது சேராது. எனக்கு உயிரான கூட்டாளி ஒருவன் மறு லயத்தில் இருந்தான். அவன் வீட்டார் யார் வந்தாலும் பாட்டி அந்தக் குவளையில்தான் வரக்கோப்பி ஊற்றிக் கொடுப்பார். "அவங்க வேற சாதிடா" என்று பாட்டி ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. அடித்ததில்லை, அவன் கூட விளையாடாதே என்று தடுத்ததும் இல்லை. அந்தக் குவளை மட்டும் தினமும் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். பந்து விளையாடி வியர்த்துப்போய் அவன் வீட்டுக்குப் போனோம். அவன் அம்மா சொம்பில் தண்ணீர் நீட்டினார். என் கை பின்னால் போய்விட்டது. "வேணாம்" என்றேன். தொண்டை காய்ந்து கிடந்தது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இந்த வயதிலும் எனக்கு மறக்கவில்லை. யாரும் பாடமாகச் சொல்லாத ஒன்றை ஒன்பது வயதில் நான் எப்படிப் படித்தேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

இதைக் குழந்தை மன நூல் அறிஞர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, கைக்குழந்தைகளைப் பற்றியது. பிறந்து சில நாளே ஆன குழந்தை எந்த இனத்து முகத்தையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறது. மூன்று மாதத்தில், தான் அதிகம் பார்த்துப் பழகிய இனத்து முகத்தையே கூடுதலாகப் பார்க்கிறது. இங்கிலாந்தில் செய்து 2005-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இதைக் காட்டியது. அடுத்த ஆண்டு இஸ்ரேல் நாட்டில் நடந்த ஆய்வு வெளியாயிற்று. அங்கே குடியேறிய எத்தியோப்பியக் குடும்பங்களின் குழந்தைகள் கறுப்பு முகம், வெள்ளை முகம் இரண்டையும் நாள்தோறும் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு அந்த வித்தியாசமே இல்லை. பழக்கம்தான் காரணம் என்பது இதில் தெரிகிறது.

இரண்டாவது, சட்டை ஆய்வு. அமெரிக்காவில் ரெபெக்கா பிக்லர் என்னும் அறிஞரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1997-இல் வெளியிட்டது. தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு நீலச் சட்டை, பாதிப் பேருக்கு மஞ்சள் சட்டை கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர் சட்டை நிறத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. அங்கே ஒன்றும் ஆகவில்லை. வேறு சில வகுப்புகளில் ஆசிரியர், "நீலச் சட்டைக்காரர்கள் இந்தப் பக்கம், மஞ்சள் சட்டைக்காரர்கள் அந்தப் பக்கம்" என்று நிறத்தைச் சொல்லியே வேலை வாங்கினார். எந்த நிறம் உயர்ந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் சில வாரங்களில் அந்த வகுப்புப் பிள்ளைகள் தங்கள் நிறத்தார்தான் நல்லவர்கள் என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

நம் பள்ளிகளிலும் விளையாட்டுப் போட்டிக்குச் சிவப்பு இல்லம், நீல இல்லம் என்று பிரிக்கிறோம். பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். ஆனால் போட்டி முடிந்து வீட்டுக்குப் போனதும் சட்டையைத் துவைக்கப் போட்டுவிடுகிறோம். மறுநாள் யாரும் யாரையும் இல்லத்தின் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதனால் அது விளையாட்டாகவே நின்றுவிடுகிறது. தினமும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்த ஆய்வு காட்டியது.

மூன்றாவதுதான் நம் வீட்டுக்கு நேராக வருவது. 2012-இல் மார்ஜரி ரோட்ஸ் முதலியோர் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு படப் புத்தகம் வாசித்துக் காட்டினார்கள். 'ஸார்ப்பி' என்று கற்பனையாக ஒரு கூட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஆண், பெண், பல நிறத்தார், பல வயதினர் எல்லாரும் உண்டு. சில பிள்ளைகளிடம் "இந்த ஸார்ப்பி பூச்சிக்குப் பயப்படுவார்" என்கிற மாதிரி ஒருவரைப் பற்றி மட்டும் சொன்னார்கள். வேறு சிலரிடம் "ஸார்ப்பிகள் பூச்சிக்குப் பயப்படுவார்கள்" என்கிற மாதிரி கூட்டத்தையே சேர்த்துச் சொன்னார்கள். இரண்டாவது மாதிரி கேட்ட பிள்ளைகள், அந்தக் குணம் ஸார்ப்பிகளின் பிறவியிலேயே வந்தது என்று நம்பினார்கள். திட்டவில்லை, இழிவாகப் பேசவில்லை. வாக்கியத்தை அமைத்த விதம் ஒன்றே போதுமாக இருந்தது.

"இவங்களே இப்படித்தான்" என்று நாம் எத்தனை தரம் சொல்கிறோம், எண்ணிப் பாருங்கள். சீனர்களைப் பற்றி, மலாய்க்காரர்களைப் பற்றி, அடுத்த லயத்துக்காரர்களைப் பற்றி, பொம்பளைப் பிள்ளைகளைப் பற்றி! பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருக்கிறது. கேட்கவில்லை என்று நினைக்கிறோம்.

நம் நாட்டில் பல பாரங்களில் 'இனம்' என்று ஓர் இடம் இருக்கும். மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர் என்று கட்டங்கள். இவை மலையும் ஆறும் போல ஆதியிலிருந்தே உள்ளவை என்று பிள்ளைகள் நினைக்கலாம். அப்படியல்ல. 1871-ஆம் ஆண்டு பினாங்கும் நம் புரோவின்ஸ் வெல்லஸ்லியும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் வெள்ளைக்கார அரசாங்கம் குடிமதிப்பு எடுத்தது. அந்தப் பட்டியலில் ஜாவானியர் தனி, பூகிஸ் தனி, ஜாவி பெக்கான் தனி, பார்சி தனி, 'கிளிங்' தனி, இந்து என்று இன்னொன்று தனி. 1891-இல் எடுத்தபோது பல பெயர்களை ஒன்றாக அடக்கி, 'தமிழரும் பிற இந்தியரும்' என்று ஒரு பெரிய தலைப்பில் நம்மைப் போட்டார்கள். கோடு போட்டவர்கள் மனிதர்கள்தான். இருபது ஆண்டுக்குள் அழித்து வேறு கோடும் போட்டார்கள்.

அந்தக் 'கிளிங்' என்ற சொல்லையும் நினைத்துப் பாருங்கள். கலிங்கத்திலிருந்து வந்த சொல் என்பார்கள். ஜார்ஜ் டவுனில் 1801-இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் அந்தப் பெயரைப் பெருமையோடு தாங்கி நிற்கிறது. ஆனால் அதே சொல்லை ஏச்சாகக் கேட்டுக் கூனிக் குறுகியவர்கள் நம் தாத்தா பாட்டிமார். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, ஜெரஜாக் தீவில் நோய் தடுப்புக்காக அடைபட்டு, இந்தப் பகுதியின் கரும்புத் தோட்டங்களிலும் பிறகு ரப்பர் தோட்டங்களிலும் முதுகு ஒடிந்தவர்கள். ஊரும் பேரும் உள்ள மனிதர்களைப் பார்த்து, "ஆளு யாரும் இல்ல, கிளிங்தான்" என்று அன்று யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை சொல்லியிருக்கும். இன்று அதே மாதிரி நம் பிள்ளை சொல்கிறது.

நமக்குள்ளேயே போட்டுக்கொண்ட கோடுகளும் குறைவில்லை. ஒரே கப்பலில் வந்தவர்கள், பல தோட்டங்களில் சாதிக்கு ஒரு லயம் என்று பிரிந்து இருந்தார்கள். 1929 டிசம்பரில் தந்தை பெரியார் பினாங்கில் வந்து இறங்கி மலாயா முழுக்க இதைக் கண்டித்துப் பேசினார். 1952-இல் தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்கள், சாதி சமயம் பாராமல் எல்லாத் தமிழரும் ஒன்றுகூட வேண்டும் என்று தமிழர் திருநாளைத் தொடங்கினார். எங்கள் வீட்டுத் தகரக் குவளை அதற்குப் பிறகும் பல வருஷம் கவிழ்ந்தேதான் இருந்தது. மேடைப் பேச்சு அடுப்படிவரை வந்து சேர அவ்வளவு காலம் ஆயிற்று. ஆகவேதான் இன்று அடுப்படியைப் பற்றியே பேசுகிறேன்.

என்ன செய்யலாம்? பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம்.

ஒருவர் செய்த தப்பை ஒருவர் பேரில் வையுங்கள். கடைக்காரர் எடை குறைத்தால், "அந்தக் கடைக்காரர் ஏமாத்திட்டாரு" என்று சொல்லுங்கள். அவர் இனத்தை இழுக்காதீர்கள். அடுத்து, பிள்ளை கேள்வி கேட்டால் வாயைப் பொத்தாதீர்கள். "அவங்க ஏன் இவ்வளவு கறுப்பா இருக்காங்க?" என்று கேட்டால் "உஷ்!" என்று தொடையில் கிள்ளுகிறோம். கறுப்பு என்பது பேசக்கூடாத அசிங்கம் என்று பிள்ளை படித்துக்கொள்கிறது. "தோல்ல ஒரு சாயச் சத்து இருக்கும்மா, அது சிலருக்குக் கூட, சிலருக்குக் குறைச்சல்" என்று சொன்னால் முடிந்துபோயிற்று. அப்புறம், மாலையில் திடலில் எல்லா வீட்டுப் பிள்ளைகளோடும் விளையாட விடுங்கள். பழகாத முகம்தான் அந்நிய முகம்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்று பரிசு வாங்குகிற பிள்ளைகள் சிலர். வாங்காத பிள்ளைகள் பலர். அதுவும் ஒரு கோடுதான். "கெட்டிக்காரன்", "மக்கு", "தோட்டத்துப் பிள்ளை அவ்வளவுதான்" என்று ஒரு வருஷம் கூப்பிட்டால் அந்தப் பிள்ளை அதை நம்பிவிடும். அப்பா அம்மா விடியற்காலை பெரட்டுக்குப் போய்விட, தானே எழுந்து, தம்பிக்கும் சட்டை மாட்டிவிட்டுப் பள்ளிக்கு வருகிற பிள்ளையை எனக்குத் தெரியும். அதற்கு மேசைமேல் பரிசு இல்லை. அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், போதும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். பெரியவர்கள் "இவங்களே இப்படித்தான்" என்று சொல்லும்போது, மரியாதையாக, "யாரு தாத்தா? அவங்க பேரு என்ன?" என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாமல் விழிப்போம். அது எங்களுக்கு நல்லது.

என் கூட்டாளியின் அம்மா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அந்தச் சொம்புத் தண்ணீருக்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. கேட்கத் தைரியம் வந்தபோது அவர் இல்லை. அந்தக் கடன் தீராத கடன்.

புல் வெட்டும் பையன் அடுத்த முறை வந்தபோது நானும் பேரனும் சேர்ந்து வாசலுக்குப் போனோம். நாங்கள் குடிக்கிற கிளாசிலேயே பேரன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். எனக்குத் தெரிந்த மலாயில் அந்தப் பையனிடம் பெயரைக் கேட்டேன், ஊரைக் கேட்டேன். அங்கே அவனுக்கும் ஏழு வயதில் ஒரு தம்பி இருக்கிறானாம். பேரனுக்கு அது பெரிய அதிசயம். போன வாரம் மறுபடியும் கேட் தட்டும் சத்தம் கேட்டது. "யாருப்பா?" என்றேன். பேரன் அந்தப் பையனின் பெயரைச் சொன்னான். "அண்ணன் வந்திருக்காரு தாத்தா" என்றான்.

பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். பெறாத பிள்ளைகளுக்கும் அதே அளவு வாழ்த்துகள்.